அவர் கைக்குப் போகாத பாத்திரம்

என் வீட்டுக்காரர் குடியை விட்டதற்கு யார் காரணம் என்று எங்கள் சபையில் கேட்டால் எல்லாக் கையும் மேலே வானத்தைக் காட்டும். ஒரு கைகூட என் பக்கம் திரும்பாது. எனக்கு அது எரிந்தது. இன்னமும் எரிகிறது. அதை மூடி மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

பாகூரிலிருந்து கரையாம்புத்தூர் போகிற பக்கம், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் எங்கள் ஊர். அவர் ஊர்ப் பெரிய நிலக்காரரிடம் டிராக்டர் ஓட்டுகிறார். எனக்கு மாடு, பால் சொசைட்டி, வீடு. எழுதும்போது 'அவர்' என்கிறேன். நேரில் 'யோவ்', 'நீ' என்றுதான் பேச்சு. கல்யாணமான புதிதில் 'ஏங்க' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். சாராயக்கடை வாசலில் நின்று 'ஏங்க, ஏங்க' என்றால் எவன் வெளியே வருவான்?

பாண்டியைச் சேர்ந்த எங்கள் பக்கத்தில் சாராயக்கடை ஒளிந்து கிடக்கிற கடை இல்லை. போர்டு உண்டு, லைட் உண்டு. எல்லை தாண்டி கடலூர்ப் பக்கத்து ஆட்கள் பைக்கில் வந்து இறங்குவார்கள். டிராக்டரை ஷெட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற ரோட்டில்தான் அந்தக் கடை. அதைத் தாண்டாமல் வரவேண்டுமென்றால் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். எந்த ஆம்பளை சுற்றிக்கொண்டு வருவான்?

அந்த நாளில் எனக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டது. அவர் வாசலில் கால் வைத்ததும் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டுவேன். நீட்டுகிற சாக்கில் முகத்துக்குக் கிட்டே போய் வாயை மோந்து பார்ப்பேன். அவரும் பாக்கு போட்டுப் பார்த்தார், ஏலக்காய் மென்று பார்த்தார், கொய்யா இலையைக்கூடக் கடித்துக்கொண்டு வந்தார். என் மூக்கை ஏமாற்ற முடியவில்லை. குடித்தாரா என்று நான் அவரை வாய்விட்டுக் கேட்டதே கிடையாது. கேட்டால் பொய்தானே வரும்.

நான் சும்மா மோந்துகொண்டு மட்டும் இருக்கவில்லை. குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினேன். எங்கள் பக்கத்தில் குடிக்கிறவனுக்கு அதுதான் முதல் வைத்தியம். பூசாரி கையில் கயிறு கட்டி, இத்தனை மாதத்துக்குத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொள்வார். கெடு முடிகிறவரைக்கும் என் வீட்டுக்காரர் தங்கமாக இருந்தார். கயிற்றை அவிழ்த்த அன்றைக்கு, விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்துக் குடித்தார். பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், மாத்திரை வாங்கினேன், சோற்றில் பிசைந்து கொடுத்தேன். கடைக்குள் போய்க் கல்லாவில் இருந்தவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். ஊரே வேடிக்கை பார்த்தது. எனக்கு வாய் நீளம் என்ற பேர் அன்றைக்கு நிலைத்தது.

பால் சொசைட்டியில் கூட நிற்கிற ஒரு விதவை அக்காதான் சபைக்குக் கூப்பிட்டாள். ஜெபம் பண்ணினால் குடி நிற்கும் என்றாள். கயிறு கட்டினவளுக்கு ஜெபம் பண்ணக் கசக்குமா? போனேன், அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். சிமெண்டு ஷீட் போட்ட ஒரு ஹால். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் நடைவழி, தரையில் பாய். அப்போது இருந்த பாஸ்டர் வயசானவர், குரல் மட்டும் இடி. “முடிவு உன் கையிலதான் இருக்குது. இன்னிக்கி முடிவு எடுக்கறவங்க கையத் தூக்குங்க” என்பார். என் வீட்டுக்காரர் தூக்குவார். அடுத்த வாரத்துக்குள் குடிப்பார். மறுபடி கூட்டம், மறுபடி கை. “நீ மனசார எடுக்கல பிரதர். மனசார எடுத்திருந்தா நிக்கும்” என்று எல்லோருக்கும் முன்னால் வைத்துச் சொல்வார் பாஸ்டர். அந்த அவமானத்தைக் கழுவ இவர் நேரே கடைக்குப் போவார். கையைத் தூக்கித் தூக்கியே மனுஷன் பாதியாகப் போனார்.

அந்தப் பாஸ்டர் உடம்புக்கு முடியாமல் மகன் வீட்டோடு போய்விட்டார். புதுசாக ஒருவர் வந்தார். சின்ன வயசு, பெங்களூரில் படித்தவர். அதட்ட மாட்டார், மெதுவாகப் பேசுவார். மெதுவாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அவர் வந்ததும் பிரசங்கம் தலைகீழாக மாறியது. முடிவு உன் கையில் இல்லவே இல்லை என்றார். யார் இரட்சிக்கப்படுவார்கள் என்பதை உலகத்தை உண்டாக்குவதற்கு முன்பே தேவன் தீர்மானித்துவிட்டார், மனுஷன் அதில் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போட முடியாது என்றார்.

“பொணம் தானா எழுந்து குளிக்குமா? குளிக்காது. வேற யாராவதுதான் தண்ணி ஊத்தணும். பாவத்துல இருக்கிற மனுஷன் பொணம். அவன் தேவனைத் தேட மாட்டான். தேவன்தான் அவனைத் தேடி வந்து உயிர் கொடுக்கிறார்” என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஆராதனை முடிந்ததும் போய்ச் சொன்னேன். “பொணம் வூட்டுக்கு வந்து கதவ எட்டி ஒதச்சி கொழம்புல உப்பு இல்லன்னு கேக்காது பாஸ்டர். எங்க வூட்டுல இருந்தது கேட்டுச்சி.”

சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களையும் எனக்குப் பிடிக்காது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பிடிக்காவிட்டாலும் சொல்ல வேண்டும். அந்தப் பிரசங்கத்தைக் கேட்ட பிறகுதான் என் வீட்டுக்காரர் குடியை விட்டார். அன்றைக்குத் திரும்பி வரும்போது பைக்கை ஏரிக்கரையில் நிறுத்தித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். “அப்ப, என்னால முடியலன்னு சொன்னதெல்லாம் பொய்யில்லடி. நெசமாவே என்னால முடியாதுதான்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மறுநாள் வேலை முடிந்து ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சொம்போடு போனேன், மோந்து பார்த்தேன். டீசல் வாடைதான் வந்தது. அதற்கடுத்த நாளும் டீசல்தான். மாதங்கள் போயின. நான் மோந்து பார்ப்பதை மட்டும் விடவில்லை.

சந்தோஷமாக இருந்திருக்கலாம். இருக்க விட்டார்களா? மாதாமாதம் அவரை எழுப்பிச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். அவரும் கையைக் கட்டிக்கொண்டு, “நான் ஒண்ணுமே பண்ணல. மனுஷங்க யாராலயும் ஆகல. எல்லாம் அவரே செஞ்சாரு” என்பார். ஹாலே அல்லேலூயா என்று அதிரும். பெண்கள் பக்கத்துப் பாயில் நான் உட்கார்ந்திருப்பேன். மனுஷங்க யாராலும் ஆகவில்லையாம். அப்போது அவரைக் கடை வாசலிலிருந்து தோளில் சாய்த்துக்கொண்டு வந்தது யார்? வாந்தி எடுத்த பாயை ஊருக்கு முன்னால் வாய்க்காலில் அலசினது யார்?

வீட்டுக்கு வந்து கேட்டேன். “கயிறு கட்ட இட்டுக்கினு போனது யாரு? சபைக்கு இட்டுக்கினு போனது யாரு?”

“நீ இட்டுக்கினு போன. நான் குடிச்சேன். அத்தத்தான சொல்றேன்” என்றார்.

என்னிடம் வாயடைத்துப் போகிறவர் பைபிள் கற்ற பிறகு பதில் பேச ஆரம்பித்திருந்தார். சரி, குருவையே கேட்போம் என்று பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். நாளைக்கு இவர் மறுபடி குடித்தால் அது யார் செயல் என்று கேட்டேன்.

“அது அவருடைய பாவ சுபாவம் சிஸ்டர். தேவன் யாரையும் குடிக்க வைக்க மாட்டார்.”

“எழுந்தா ஆண்டவரு, வுழுந்தா இவரா? மாட்ட நான் மேய்ப்பேன், பாலு உங்களுது, சாணி எனக்கா?”

பாஸ்டரம்மா உள்ளே போய்விட்டாள். பாஸ்டர் மட்டும் அதே மெதுவான குரலில், பெருமை எல்லாம் தேவனுக்கே போகவேண்டும், மனுஷன் பங்கு கேட்பதுதான் முதல் பாவம் என்றார். நான் பங்கு கேட்கிறேனாம்.

இத்தனைக்கும் மாதாமாதம் திருவிருந்துக்கு ரசம் காய்ச்சுகிறவள் நான்தான். இயேசுவின் இரத்தத்துக்கு அடையாளமாக ஆளுக்கு ஒரு வாய் குடிக்கிற திராட்சரசம். எங்கள் சபையில் அது சாராயம் கலந்த ஒயின் இல்லை. சனிக்கிழமை கறுப்புத் திராட்சையை அலசி, சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, ஆறவைத்துக் கொடுத்துவிடுவேன். குழந்தைகூடக் குடிக்கலாம்.

ஒரு சனிக்கிழமை திராட்சையோடு வீட்டுக்கு வந்தபோது பாஸ்டர் போன் பண்ணினார். இனிமேல் நான் காய்ச்ச வேண்டாம் என்றார். ஆண்டவர் பந்தியில் கொடுத்தது உண்மையான திராட்சரசம், அதனால் நாமும் ஒயின்தான் வைக்கவேண்டும், தனித்தனிக் கப் வேண்டாம், எல்லோருக்கும் ஒரே பாத்திரம் என்று தீர்மானித்துவிட்டாராம். பாண்டியில் ஒயினுக்கு என்ன பஞ்சம்? பாட்டில் வாங்கியும் வந்தாயிற்று.

திராட்சையை அப்படியே போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

“பாஸ்டர், இந்த சபையில பாதி ஆம்பளைங்க குடிய வுட்டவங்க. என் வூட்டுக்காரர் வாயில ஒரு சொட்டு பட்டா போச்சு. அவுருக்கு மட்டுமாவது நான் காய்ச்சனத வெச்சிக் குடுங்க.”

“உங்க ரசமே இந்த வெயில்ல புளிச்சி நுரைச்சித்தான் சிஸ்டர் வருது” என்றார் முதலில். பிறகு நான் சிரிக்கவில்லை என்று கண்டு சொன்னார். “தேவன் பிடிச்சிருக்கிறவரை ஒரு வாய் ஒயின் பறிச்சிட்டுப் போயிடுமா? உங்க தேவன் அவ்வளவு சின்னவரா? அவர் முன்னமே தெரிஞ்செடுத்தவங்க விழமாட்டாங்க.”

“வுழுந்துட்டா?”

“விழுந்து அப்படியே கிடந்தா, அவர் ஆரம்பத்துலயிருந்தே தெரிஞ்செடுக்கப்பட்டவர் இல்லைன்னு அர்த்தம்.”

என் புருஷன் குடும்பத்துக்கு உதவுவாரா மாட்டாரா என்று இத்தனை வருஷம் நான் பயந்தேன். இந்த ஆள் அவருடைய சொர்க்கத்தையே ஒரு வாய் ஒயினில் கொண்டுவந்து வைத்துவிட்டார். நிமிர்ந்து நின்றால் தேவனுக்கு மகிமை. சாய்ந்தால் இவர் என்றைக்குமே தேவனுடைய பிள்ளை இல்லை. எப்படி விழுந்தாலும் பாஸ்டருக்கு நஷ்டம் கிடையாது. விழுந்தால் தூக்கி வரப்போவது நான்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். “நாளைக்கி நீ இன்னா பண்ணப் போற?” என்றேன்.

“நாளைக்கிப் பாத்துக்கலாம்.”

“பாத்துக்கலாம்னா?”

“பாத்துக்கலாம்னாப் பாத்துக்கலாம்தான். வுடுடி.”

அந்தப் பதிலை நான் எத்தனை வருஷமாகக் கேட்டவள். குடிக்கப் போகிறவன் சொல்கிற பதில் அது.

மறுநாள் ஹாலில் நான் வழக்கமான இடத்தில் உட்காரவில்லை. நடைவழியை ஒட்டி உட்கார்ந்தேன். அவர் ஆண்கள் பக்கத்தில் மூன்றாவது பாயில் இருந்தார். அப்பம் வந்தது, பிட்டுச் சாப்பிட்டார்கள். பாஸ்டர் எவர்சில்வர் பாத்திரத்தில் ஒயினை ஊற்றி ஜெபித்து முன்வரிசைக்குக் கொடுத்தார். ஆண்களுக்குத்தான் முதலில். வாடை என் பாய்க்கு வந்தது. ஒவ்வொருவராகக் குடித்துக் கைமாற்றினார்கள். முதல் பாய் முடிந்தது. இரண்டாவது பாயும் முடியப்போனது. என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் நீட்டினார். அந்தக் கை எப்படி நீண்டது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கடையில் கிளாஸ் வாங்க நீளுகிற கை.

எழுந்தேன். நடைவழியைத் தாண்டினேன். முன்னால் இருந்தவர் நீட்டிய பாத்திரத்தை நடுவிலேயே வாங்கினேன். வாங்கி, நின்றபடியே அண்ணாந்து அத்தனையையும் குடித்தேன். ஊற்றினது சபைக்கே ஆகிற அளவு. புளித்த புளித்தண்ணீர் மாதிரி இருந்தது, தொண்டையைக் காந்திக்கொண்டு இறங்கியது. ஒரு சொட்டு விடவில்லை. காலிப் பாத்திரத்தை என் வீட்டுக்காரர் முன்னால் பாயில் வைத்தேன்.

பாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. அவர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

“சிஸ்டர், இது ஆண்டவருடைய பந்தி. இன்னா காரியம் பண்ணீங்க?”

படிப்பெல்லாம் போய் அவர் வாயிலும் 'இன்னா' வந்துவிட்டது. “நானு எங்க பண்ணேன் பாஸ்டர்? ஒலகம் உண்டாவறத்துக்கு முன்னயே இத நான்தான் குடிக்கணும்னு அவரு தீர்மானம் பண்ணி வெச்சிருக்காரு. அவரு சித்தம் இல்லாம ஒரு மொடக்கு உள்ள எறங்கியிருக்குமா?”

“தேவனுடைய கட்டளை வேற, அவருடைய தீர்மானம் வேற...”

“ஆமா. உங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு.”

சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெயில் கண்ணைக் குத்தியது, தலை கிறுகிறுத்தது. உள்ளே ஏதோ பேசினார்கள். கொஞ்ச காலத்துக்கு நான் பந்தியில் சேரக்கூடாது என்று தீர்ப்பாம். அந்த விதவை அக்கா வந்து சொன்னாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

பைக்கில் ஏறினோம். நான் ஜெயித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். தலை சுற்றியதில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஏரிக்கரை வந்ததும் வண்டியை நிறுத்தினார். அவர் முதலில் நிம்மதியோடு உட்கார்ந்தாரே, அதே இடம்.

“வாயத் தொடச்சிக்கோ. நாத்தம் அடிக்குது” என்றார்.

முந்தானையால் துடைத்தேன்.

“நான் குடிக்க மாட்டேன்னுதான் கைய நீட்டுனேன். வாங்கி, தொடாம அடுத்த ஆளுக்குக் குடுக்கலாம்னு. ராவெல்லாம் யோசன பண்ணி எடுத்த முடிவு. இந்தப் பொறப்புல நானா எடுத்தது அது ஒண்ணுதான். அதயும் நீ குடிச்சிட்ட.”

“பொய் சொல்லாதய்யா. அந்தக் கைய எனக்குத் தெரியும்.”

“உனக்கு எல்லாம் தெரியும். பாஸ்டருக்கும் எல்லாம் தெரியும். அவரு சாமிய வெச்சி என்னப் பொணம்னாரு. நீ மூக்க வெச்சி என்னப் பொணமாக்கிட்ட. ரெண்டு பேருல யாருக்காவது நான் ஒரு ஆளுன்னு தோணுச்சா?”

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. ஒயின்தான் நாக்கைக் கட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னது நிஜமா பொய்யா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி என் வயிற்றுக்குள் போய்விட்டது.

அந்த மாதம் முழுக்கச் சண்டை. வேறு சபைக்குப் போகலாம் என்றேன், வரமாட்டேன் என்றார். ஒயின் நிற்கவில்லை. அடுத்த திருவிருந்து வந்தது. நான் பந்தியில் சேரக்கூடாது, ஆனால் பின்னால் உட்காரலாம். புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் பைக் சாவியை எடுத்துக்கொண்டு சொன்னார்: “நீ வராத. நானே போயிட்டு வரேன்.”

வாசலில் மறித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் தள்ளவில்லை, கத்தவில்லை. நான் நகரும்வரை நின்றார். நகர்ந்தேன். வண்டிச் சத்தம் ரோட்டில் போய் மறைந்தது. மாட்டுக்குத் தவிடு கரைத்தேன், போதாமல் மறுபடி கரைத்தேன். பாஸ்டரைத் திட்டினேன், தேவனைத் திட்டினேன், புருஷனைத் திட்டினேன். திட்டுவதற்கு நடுவில் ஜெபமும் பண்ணினேன். எதை எப்போது பண்ணினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆராதனை முடிகிற நேரம் தாண்டிப் போனது. அதற்கும் பிறகுதான் வண்டி வந்தது. சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். கால் தானாகக் கிட்டே போயிற்று. அவர் ஒரு அடி பின்னால் போய்க் கையைக் காட்டி நிறுத்தினார்.

“மோந்து பாக்காத. கேளு.”

கேட்கவே பழகாத கேள்வி. “குடிச்சியா?”

“இல்ல.”

“பாத்திரம் கையில வந்துச்சா?”

“வந்துச்சி. கை மாத்திட்டேன். தேவன் காத்தாருன்னு எழுந்து சாட்சி சொல்லச் சொன்னாரு பாஸ்டரு. சொல்லல.”

“ஏன்?”

“யாரு பண்ணதுன்னு எனக்கே தெரியல. அப்பறம் இன்னாத்தச் சாட்சி சொல்றது?”

சொம்புக்காகக் கையை நீட்டினார். கொடுக்க வேண்டுமென்றால் கிட்டே போகத்தான் வேண்டும். போனேன். அண்ணாந்து மடமடவென்று குடித்தார், குடித்து முடித்து என் முகத்துக்கு நேராகப் பெருமூச்சு விட்டார். நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு வலிக்கிறவரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் செருப்பைக் கழற்றி உள்ளே போன பிறகுதான் மூச்சை விட்டேன். அப்புறம் போய்ச் சோறு போட்டேன்.